புரி, முடி, கோப்பு: கப்பற்கயிறு கோக்கும் தொழிலுக்குரிய தமிழ்ச் சொல்லாக்கமும் நற்றிணை 284ஆம் பாடலும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கயிற்றின் புரிகளைப் பிரித்து, மற்றொரு கயிற்றின் புரிகளுக்கிடையே நுழைத்து, முடிச்சு இல்லாமல் இரண்டையும் ஒன்றாக்குவது கடல்தொழிலின் அடிப்படைத் திறன்களுள் ஒன்று. இதற்கு நிலைபெற்ற தமிழ்க் கலைச்சொல் இல்லை. இணைப்பு, ஒட்டு, பின்னல் என்னும் சொற்கள் இடத்திற்கேற்ப ஆளப்படுகின்றன. அல்லது ஆங்கிலச் சொல் ஒலிபெயர்க்கப்படுகிறது. கயிற்றின் உறுப்புகளையும் அது பழுதுறும் வகைகளையும் குறிக்கும் சொற்கள் தமிழில் முன்பே நுட்பமாக வேறுபடுத்தப்பட்டிருப்பதை நற்றிணை, மணிமேகலை, வைணவ உரைமரபு, ஆனைமலை வட்டார வழக்கு ஆகியவற்றின் துணையால் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அதன் அடிப்படையில் ‘புரிக்கோப்பு’ என்னும் கலைச்சொல்லை முன்மொழிகிறது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டால் நற்றிணை 284ஆம் பாடலின் உவமை மேலும் தெளிவுறும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: கயிறு, புரி, முடி, வடம், கோத்தல், ஆனைமலை, கலைச்சொல்லாக்கம், நற்றிணை.

1. முன்னுரை

கடலிலிருந்து நெடுந்தொலைவில், ஆழியாற்றங்கரையில் அமைந்தது ஆனைமலை. எனினும் கடல்தொழிலோடு இவ்வூர் வட்டாரத்திற்கு இருவகையில் தொடர்புண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆனைமலைக் காட்டுத் தேக்கு பம்பாய்க் கப்பல்கட்டும் தளத்திற்கு அனுப்பப்பட்டது. உச்சியிலிருந்து மரங்களைச் சரித்துவிட்ட இடமே இன்று டாப்சிலிப் என வழங்குகிறது. மற்றொரு தொடர்பு தென்னை நார். பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் தேங்காய் மட்டையிலிருந்து எடுக்கப்படும் நாரை மக்கள் ‘மஞ்சி’ என்பர். நார் உரிக்கும் ஆலை ‘மஞ்சி மில்’ எனப்படும். 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த கயிறு வாரியத்தின் மண்டல அலுவலகம் ஒன்று பொள்ளாச்சியில் செயல்படுகிறது. ஆங்கிலத்தில் தென்னை நாரைக் குறிக்கும் ‘காயர்’ என்னும் சொல்லே மலையாளக் ‘கயர்’, தமிழ்க் ‘கயிறு’ ஆகியவற்றோடு தொடர்புடையது என்பது அறிந்ததே.

பொருளின் பெயரைப் பிறமொழிக்குத் தந்த மொழி, அப்பொருளைக் கையாளும் வினை ஒன்றிற்குப் பிறமொழிச் சொல்லை நாடி நிற்பது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். இது பெயர் பற்றிய சிக்கல் மட்டுமன்று. முடிச்சிட்ட கயிறு, முடிச்சின் வகைக்கேற்பத் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதி வரை இழக்கக்கூடும். முறையாகப் புரிகளைக் கோத்து ஒன்றாக்கிய கயிறு பெரும்பகுதி வலிமையைத் தக்கவைத்துக்கொள்ளும். ‘கயிற்றை இணைக்க’ என்னும் பொதுப்படையான கட்டளை இரண்டில் எதனையும் குறிக்கலாம். இழுவிசையில் அறும் செயற்கை இழைக் கயிறு மீண்டு தெறித்து ஆளைக் கொல்லவல்லது. ஆதலால் சொல் தெளிவு இங்கு உயிர்க்காப்பின் ஒரு கூறாகிறது.

2. கயிற்றின் படிநிலையும் தமிழ்ச் சொற்களும்

கயிறு என்பது ஒரே பொருளாகத் தோன்றினும் படிப்படியான முறுக்குகளால் ஆனது. தமிழில் இப்படிநிலைகளுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. நாரை முறுக்கினால் இழை; இழைகள் பல சேர்ந்தால் புரி; புரிகள் சேர்ந்தால் கயிறு; கயிறுகள் சேர்ந்து பெருகினால் வடம். பேச்சு வழக்கில் புரியைப் ‘பிரி’ என்பதும் உண்டு. வைக்கோற்புரி, வைக்கோற்பிரி என இரு வடிவங்களும் வழங்குவது இதற்குச் சான்று. முப்புரிநூல் என்னும் தொடரும் புரி என்பது எண்ணத்தக்க தனி உறுப்பு என்பதைக் காட்டும்.

புரி என்னும் சொல் முறுக்குதலையும், முறுக்கப்பட்ட உறுப்பையும், சங்கின் சுழியையும் ஒருங்கே உணர்த்துவது. வலம்புரி, இடம்புரி எனச் சங்கைப் பகுக்கும் மரபு, முறுக்கின் திசையைத் தமிழர் கருத்தூன்றி நோக்கினர் என்பதற்குச் சான்றாகும். காய்கள் திருகிய வடிவில் அமைவதால் வலம்புரி எனப் பெயர்பெற்ற ஒரு செடி உண்டு. அதன் பட்டை நாரும் கயிறு திரிக்கப் பயன்படுவது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

திசை பற்றிய இந்நோக்கு கயிற்றியலின் உயிர்நிலை ஆகும். இழை ஒரு திசையில் முறுக்கப்படும். அவ்விழைகள் சேர்ந்த புரி அதற்கு எதிர்த்திசையில் முறுக்கப்படும். புரிகள் சேர்ந்த கயிறு மீண்டும் முதல் திசையில் முறுக்கப்படும். ஒரு முறுக்கு அவிழ முயலும்போது மற்றொன்று இறுகுவதால் கயிறு தானே குலைவதில்லை. குறுகிய நீளமே உடைய தென்னை நார்கள் நூற்றுக்கணக்கான முழம் நீளும் கயிறாவது இவ்வெதிர்முறுக்கு தரும் உராய்வினால்தான். பசையோ கட்டோ இதில் இல்லை. புரிகளைக் கோத்துக் கயிற்றை ஒன்றாக்கும் தொழிலும் இதே உராய்வையே நம்பியுள்ளது.

3. கோக்கும் முறையும் அதன் அரிய வகைகளும்

மூன்று புரிக் கயிறுகள் இரண்டை ஒன்றாக்குவதே இத்தொழிலின் முதற்பாடம். இரு முனைகளிலும் புரிகளைப் பிரித்து, கைவிரல்களைக் கோப்பதுபோல் ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே பொருத்த வேண்டும். பின்னர் ஒவ்வொரு புரியையும் எதிர்க்கயிற்றின் முறுக்குக்குக் குறுக்காக, ஒரு புரியின் மேலாகவும் அடுத்த புரியின் கீழாகவும் செலுத்தி இழுக்க வேண்டும். இயற்கை நார்க் கயிற்றிற்கு இத்தகைய சுற்று குறைந்தது மூன்று வேண்டும் என்பர். வழுவழுப்பான நைலான், பாலியெஸ்டர் கயிறுகளுக்கு ஐந்து வேண்டும். இழுவிசை கூடுந்தோறும் கயிற்றின் புரிகள் உள்நோக்கி நெருங்கி, நுழைந்த புரிகளை மேலும் இறுகப் பற்றும். இழுப்பே பிடிப்பாவது இதன் தனித்தன்மை.

இம்முதற்பாடத்தைக் கடந்த அரிய வகைகள் சில உள. அவற்றை நோக்கினால் ஒரு கலைச்சொல் எத்தனை செயல்களைத் தாங்க வேண்டும் என்பது புலனாகும்.

முதலாவது, உருளையில் ஓடும் கயிறு. மேற்கூறிய முறையில் கோத்த இடம் பருத்துவிடும். உருளையின் பள்ளத்தில் அது சிக்கும். இதனைத் தவிர்க்க, ஒரு கயிற்றின் புரியை நெடுந்தொலைவு பிரித்தெடுத்து, அது விட்டுச்சென்ற பள்ளத்தில் மற்றக் கயிற்றின் புரியைப் படியவைப்பர். மூன்று புரிகளும் ஒரே இடத்தில் முடியாமல் மூன்று வெவ்வேறு இடங்களில் முடியும். கயிற்றின் பருமன் ஏறத்தாழ மாறாது.

இத்தேவை கடலுக்கு மட்டும் உரியதன்று. கொங்கு நாட்டுக் கவலையிறைப்பில் மேலே சக்கரத்தின்மீது வடக்கயிறும் கீழே உருளையின்மீது வால்கயிறும் ஓடின. முடிச்சுள்ள கயிறு ஒவ்வோர் இறைப்பிலும் அங்கே இடறும். கிணற்று மேட்டிலும் கப்பல் தளத்திலும் கயிற்றிற்கு நேர்ந்த சிக்கல் ஒன்றே. 1932இல் பைகாரா மின்சாரம் வந்து, பின்னர் மின்இறைவைகள் பரவியபோது கவலையோடு அதன் கயிற்றுச் சொற்களும் வழக்கிழக்கத் தொடங்கின. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி போன்ற தொகுப்புகளின் இன்றியமையாமை இத்தகைய இடங்களில் உணரப்படும்.

இரண்டாவது, நான்கு புரிக் கயிறு. நான்கு புரிகள் சேரும்போது நடுவே ஒரு வெற்றிடம் உண்டாகும். அதனை நிரப்ப மெல்லிய நடுப்புரி ஒன்று இடப்படும். கோக்கும்போது நடுப்புரியை வெட்டி விலக்கிவிட்டு நான்கு புரிகளையும் செலுத்த வேண்டும். கண்ணி அமைக்கையில் முதற்புரியை மட்டும் இரு புரிகளின் கீழே செலுத்துவது வழக்கம். இவ்வொரு வேறுபாட்டைத் தவறவிட்டால் கோப்பு முழுவதும் ஒருபுறமாகச் சாயும்.

மூன்றாவது, வடம். முப்புரிக் கயிறுகள் மூன்றைச் சேர்த்து முறுக்கியதால் ஒன்பது புரிகள் உடையது இது. இங்குக் கோக்கப்படுவன புரிகள் அல்ல, முழுக் கயிறுகளே. கயிறு, வடம் என்னும் சொற்களைப் படிநிலை வேறுபாடு கருதி ஆண்டால் இத்தொழிலை விளக்குவது எளிதாகும்.

நான்காவது, தென்னைநார்க் கயிறு. இது நீரில் மிதப்பது. உப்புநீரில் எளிதில் மட்காதது. அறுவதற்குமுன் மிகுதியாக நீள்வது. இப்பண்புகளால் கப்பல்களில் இழுவைக் கயிறாகப் பயன்பட்டது. ஆயினும் நார் குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் பிரித்த புரி விரைவில் முறுக்கிழந்து பிசிறாகும். நுழைக்குமுன் ஒவ்வொரு முறையும் புரியை மீண்டும் முறுக்கிக்கொள்வது இதனைக் கோப்பவரின் கைத்திறம்.

ஐந்தாவது, பின்னிய கயிறு. இன்றைய செயற்கை இழைக் கயிறுகள் பல முறுக்கப்படுவன அல்ல, குழல்போலப் பின்னப்படுவன. பிரித்தெடுக்கப் புரி இன்மையால், முனையையே கயிற்றின் உட்குழலுக்குள் செலுத்திப் புதைக்க வேண்டும். உயர்வலிமைப் பாலிஎத்திலீன் கயிறு மிகவும் வழுக்குவது. ஆதலால் கயிற்று விட்டத்தின் ஏறத்தாழ எழுபது மடங்கு நீளம் வரை முனையைப் புதைப்பர். புதைத்த முனையைப் படிப்படியாக மெலியச் செய்வர். இங்கும் இழுக்க இழுக்கப் புறக்குழல் சுருங்கி உள்முனையைப் பற்றும். வடிவம் மாறினும் நெறி மாறவில்லை.

4. இலக்கியத்தில் கயிறு பழுதுறும் வகைகள்

ஒரு பொருள் எவ்வாறு கெடுகிறது என்பதற்கு ஒரு மொழி எத்தனை வினைகளைப் போற்றுகிறது என்பது, அப்பொருளை அம்மொழியினர் எவ்வளவு நெருங்கி அறிந்தனர் என்பதற்கு அளவுகோலாகலாம்.

உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்த மணிமேகலையின் பளிக்கறை புக்க காதையில், மதங்கொண்டு ஓடும் காலவேகம் என்னும் களிறு, புயலில் சிக்கிய மரக்கலத்தோடு உவமிக்கப்படுகிறது. அங்குக் கூம்பு முறிகிறது, பிணி அவிழ்கிறது, கயிறு பரிகிறது. மூன்று பொருள்களுக்கும் மூன்று தனி வினைகள் வந்துள்ளமை கருதத்தக்கது. மரம் முறிவது, கட்டு அவிழ்வது, கயிறு அறுந்து பரிவது. அவிழ்தல் கட்டிய கட்டின் கேடு. பரிதல் கயிற்றின் கேடு. இவ்விரண்டையும் சாத்தனார் மயங்க வைக்கவில்லை.

பிணித்தலே கடற்கலத்தின் உருவாக்கமாகவும் இருந்தது. கட்டுமரம் என்னும் பெயரே இதனைச் சொல்லும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ், தமிழகக் கிழக்குக் கரையில் ஒற்றை மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்னும் பெருங்கலங்களைக் குறிப்பிடுகிறது. தென்னைநார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள் சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. கட்டுதல், பிணித்தல், தைத்தல் ஆகிய மூன்றும் கயிற்றைக் கொண்டு பிற பொருளைச் சேர்ப்பன. கயிற்றோடு கயிற்றைச் சேர்ப்பதற்குரிய சொல்லை வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது.

மதுரகவியாழ்வாரின் 11 பாசுரங்கள் கொண்ட கண்ணிநுண் சிறுத்தாம்பு இத்தேடலுக்குத் துணைபுரிகிறது. நூற்பெயரில் உள்ள ‘கண்ணி’ என்பது முடிகளைக் குறிப்பதாக உரைமரபு கொள்ளும். கண்ணனைக் கட்ட முயன்ற யசோதைக்குக் கயிறு ஒவ்வொரு முறையும் இரண்டு விரற்கடை குறைந்ததையும், அவள் கயிற்றோடு கயிற்றை மேலும் மேலும் சேர்த்ததையும் பாகவதம் கூறும். சேர்த்த இடந்தோறும் முடி, முடிதோறும் உறுத்தல். முடிந்து சேர்த்த கயிறு சீர்மையற்றது, உடலில் உறுத்துவது என்னும் உணர்வு இப்பெயரினுள் அமைந்துள்ளது. முடி இல்லாமல் சேர்த்த கயிற்றை இதற்கு மறுதலையாக வைத்து எண்ணலாம்.

5. நற்றிணை 284: தேய்ந்த புரியின் பொருள்

பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர் உரையோடு 1915இல் வெளிவந்த நற்றிணைப் பதிப்பில் 284ஆம் பாடலாக அமைவது, தேய்புரிப் பழங்கயிற்றினார் பாடிய பாலைப்பாட்டு. பொருள்வயிற் பிரிந்து வினை முடியாத நிலையில் தலைவன் கூறுவது. தலைவியின் துயர் தீர்க்கத் திரும்புவோம் என்கிறது நெஞ்சம். எடுத்த வினையை இடையில் விட்டால் அறியாமையும் இழிவும் சேரும் என்கிறது அறிவு. இரண்டிற்கும் நடுவில் தன் உடம்பு, இரு களிறுகள் எதிரெதிர் பற்றி இழுக்கும் பழைய கயிறுபோல் அழியுமோ என்கிறான். புலவரின் இயற்பெயர் மறைந்து அவர் பாடிய கயிறே பெயராக நின்றது, அவ்வுவமை பெற்ற மதிப்பைக் காட்டும்.

இவ்வுவமையை விளக்குவோர் பெரும்பாலும் களிறுகளின் வலிமையையே முதன்மைப்படுத்துவர். இரண்டு களிறுகள் இழுத்தால் எக்கயிறும் அறும் என்பது உண்மையே. அவ்வாறாயின் கயிறு பழையதாகவும் தேய்புரி உடையதாகவும் இருக்க வேண்டிய தேவை என்ன? அடைமொழிகள் இரண்டும் வேறு வேறு பணிபுரிகின்றன என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ‘பழ’ என்பது கயிறு முழுவதற்கும் உரியது. காலத்தால் நார் எங்கும் ஒருசேர வலுவிழந்தமையைச் சுட்டுவது. ‘தேய்’ என்பது புரிக்கு உரியது. உராய்ந்த இடங்களில் புறநார்கள் அற்றுப்போனமையைச் சுட்டுவது.

புரி என்பதை ஈண்டு உறுப்பாகக் கொள்ளாது முறுக்கு எனக் கொள்ளலாமே என்னும் தடை எழலாம். முறுக்கு தளரும், நெகிழும். தேய்வது புறப்பரப்பு உடைய பொருளே. ஆதலால் உறுப்பு என்னும் பொருளே தேய்தல் வினைக்கு இயையும். முறுக்கு எனக் கொள்ளினும் நார்களின் பிடிப்பு குறைந்தது என்னும் முடிவு மாறுவதில்லை.

நல்ல கயிற்றை இழுத்தால் புரிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றும் என்பது மேலே கூறப்பட்டது. புரி தேய்ந்த கயிற்றில் நார்கள் துண்டுபட்டுக் குட்டையாகிவிட்டமையால் பற்றுவதற்குப் போதிய நீளம் இல்லை. எந்த இழுப்பு கயிற்றை இறுக்க வேண்டுமோ அதே இழுப்பு அதனை நழுவச் செய்கிறது. அறுதலும் ஒரே நொடியில் நிகழ்வதன்று. புரி புரியாக நிகழ்வது. தலைவன் அஞ்சும் அழிவும் அத்தகையதே. அது வெட்டுண்டு மாய்தல் அன்று; இழுபறியில் சிறிது சிறிதாக மாய்தல்.

மேலும், இத்தகைய கயிற்றைக் கோத்துச் செம்மைப்படுத்தவும் இயலாது. தேய்ந்த பகுதியை வெட்டி நீக்கி, நலமான புரிகளையே கோக்க வேண்டும் என்பது இத்தொழிலின் விதி. முழுவதும் பழமையால் நைந்த கயிற்றில் நலமான புரி எங்கும் இல்லை. உடம்பாகிய கயிற்றில் வெட்டி நீக்குவதற்கும் இடமில்லை. ஆக, உவமையின் ஆற்றல் களிறுகளிடம் மட்டும் இல்லை. கயிற்றின் நிலையிலும் இருக்கிறது.

சங்கப் பாடல்கள் கூறும் உம்பற்காட்டை ஆய்வாளர் பலர் ஆனைமலைப் பகுதியாகக் கருதுவர்; உம்பல் என்பது யானை. இப்புலவரின் ஊர் இன்னதெனக் கூறச் சான்றில்லை ஆதலின், இப்பாடலை இவ்வட்டாரத்திற்கு உரிமையாக்குவது பொருந்தாது. யானையும் கயிறும் சேர்ந்த தொழில்வாழ்வு இங்கு நெடுங்காலம் நிலவியது என்பது மட்டும் கூறத்தகும். காட்டில் வெட்டிய மரங்களை யானைகள் இழுத்தன. இன்றும் கோழிகமுத்தி யானை முகாமில் மலசர் பழங்குடியினர் பலர் பாகர்களாகப் பணியாற்றுகின்றனர்.

6. கலைச்சொல் முன்மொழிவு

இப்போது ஆளப்படும் சொற்களை ஒவ்வொன்றாக நோக்கலாம். ‘இணைப்பு’ மிகப் பொதுவானது, முடியையும் உள்ளடக்கும். ‘ஒட்டு’ பசையையும் மரக்கிளை ஒட்டுதலையும் நினைவூட்டும். உராய்வால் நிற்கும் ஒன்றிற்கு அது பொருந்தாது. ‘பின்னல்’ என்பது பின்னிய கயிற்றின் அமைப்பைக் குறிக்கத் தேவைப்படுகிறது. அதனையே கோக்கும் செயலுக்கும் ஆண்டால் மயக்கம் நேரும். ‘பிணையல்’, கட்டு என்னும் பொருளை நோக்கிச் சாயும்.

‘கோத்தல்’ இக்குறைகள் அற்றது. ஊசியில் நூல் கோத்தல் ஒன்றன் வழியே ஒன்றை நுழைப்பது. கைகோத்தல் இரு தொகுதிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பொருத்துவது. தொழிலின் இரு படிகளும், அதாவது முதலில் புரிகளை எதிரெதிர் பொருத்துவதும் பின்னர் நுழைப்பதும், இவ்வொரு வினையுள் அடங்குகின்றன. எனவே ‘புரிக்கோப்பு’ என்னும் சொல் முன்மொழியப்படுகிறது. இதன் வகைகளைப் பின்வருமாறு கூறலாம்: பருத்து அமைவது குறுங்கோப்பு, உருளையில் ஓடுவதற்குரியது நெடுங்கோப்பு, முனையை மடக்கிக் கண்ணி அமைப்பது கண்ணிக்கோப்பு, முனை பிசிறாமல் தன்மேலேயே கோப்பது மீள்கோப்பு, ஒன்பது புரி வடத்திற்குரியது வடக்கோப்பு, பின்னிய கயிற்றினுள் முனையைப் புதைப்பது உட்கோப்பு.

உட்கோப்பில் புரி இல்லையே எனக் கேட்கலாம். அதனாலேயே அவ்வகைப் பெயரில் ‘புரி’ தவிர்க்கப்பட்டு, ‘கோப்பு’ என்னும் பொதுக்கூறு மட்டும் நிறுத்தப்பட்டுள்ளது. ‘கோப்பு’ இன்று அலுவலக ஆவணத்தொகுதியையும் குறிப்பது மற்றொரு தடை. தாள்களைக் கோத்து வைத்தது என்னும் அதே வினையின் விரிவே அது. முன்னொட்டுகள் இடமறிந்து பொருள் உணர்த்தும்.

7. முடிவுரை

இவ்வாய்வில் பெறப்பட்ட முடிவுகள் வருமாறு:

1. நார், இழை, புரி, கயிறு, வடம் என்னும் ஐந்து சொற்களும் கயிற்றின் படிநிலைகளைத் தெளிவாகப் பகுத்துக் கூறப் போதுமானவை.

2. முறிதல், அவிழ்தல், பரிதல், தேய்தல் ஆகிய வினைகள் இலக்கியத்தில் உரிய பொருளறிந்து ஆளப்பட்டுள்ளன. கட்டின் கேட்டையும் கயிற்றின் கேட்டையும் பண்டைத் தமிழ் வேறுபடுத்தியது.

3. நற்றிணை 284இல் ‘தேய்’, ‘பழ’ என்னும் அடைகள் ஒரே பொருளின் அடுக்கு அல்ல; முன்னது புரியின் கேடு, பின்னது கயிற்றின் கேடு. இவ்விரண்டும் சேர்ந்தே தலைவனின் மீட்பற்ற நிலையை உணர்த்துகின்றன.

4. முடியிலிருந்து வேறுபட்ட இச்சேர்க்கை முறைக்குப் ‘புரிக்கோப்பு’ என்னும் சொல்லும் அதன் வகைப்பெயர்களும் பொருந்துவன.

கலைச்சொல் அகராதியில் ஏறுவதால் மட்டும் ஒரு சொல் வாழாது. தொழில் செய்வோர் வாயில் ஏற வேண்டும். மீன்பிடி துறைமுகங்களிலும், தொழிற்பயிற்சி நிலையங்களிலும், மஞ்சி மில்களை அடுத்த கயிறு திரிக்கும் கொட்டகைகளிலும் இச்செயலுக்கு வழங்கும் சொற்களைத் திரட்டி, அவற்றோடு இம்முன்மொழிவை ஒப்பிட வேண்டும். அவர்களிடம் இதனினும் பொருத்தமான சொல் ஒன்று வழங்குமாயின், அதற்கு இடம்விட்டு இச்சொல் விலகுவதே முறை.